ஆயில் மூடியில் அப்பிய சந்தனம்

எங்கள் வீட்டில் ஒரு மண்சட்டி இருந்தது. அதில் யாரும் சமைத்ததில்லை. லாரி என்ஜினுக்கு நேர் கீழே வைப்பதற்கென்றே ஆத்தா சந்தையிலிருந்து வாங்கி வந்தது. காலையில் அப்பா என்ஜினைக் கால் மணி நேரம் ஓட்டுவார். நிறுத்தியதும் மண்டியிட்டு, சட்டியை வெளியே இழுத்து, அதில் ஓர் ஈர்க்குச்சியை விட்டு ஆழம் பார்ப்பார். குச்சியில் கறுப்பாக எண்ணெய் ஏறியிருக்கும். நேற்று அரை விரல், இன்று முக்கால். குச்சியை முறித்துப் போடுவார். அன்று முழுவதும் வீட்டில் பேச்சு குறைந்துவிடும்.

உலகச் சண்டைக்கு முன்னால் அந்த லாரியை ஓட்டியவர் அப்பாதான். வண்டி செட்டியார் வீட்டு ஆச்சியுடையது. திருமயத்துக்குப் பக்கத்தில், பெரிய வீடுகள் வரிசையாக நிற்கும் ஊர் எங்களுடையது. ஆச்சியின் வீட்டுக்காரரான செட்டியார் பர்மாவில் தொழில் செய்தவர். ஊருக்கு வந்திருந்த ஒரு வருஷம் மதராஸில் கப்பலிலிருந்து இறங்கிய லாரியை வாங்கி, அப்பாவை டிரைவராக அமர்த்தினார். மீமிசலிலிருந்து கருவாடும் ஆவுடையார்கோவில் பக்கத்து நெல்லும் அதில்தான் வந்தன. பிறகு சண்டை வந்தது. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்தது. கொஞ்ச நாளில் கூப்பனும் நின்றது. வண்டியைக் கொட்டகையில் விட்டு, சக்கரங்களைக் கழற்றி, கருங்கல்லை முட்டுக் கொடுத்தார்கள். அப்பா நெல் மில்லில் மூட்டை தூக்கப் போனார். கொட்டகையை ஒட்டிய அறையில் நாங்கள் குடியிருந்துகொள்ளலாம் என்று ஆச்சி சொல்லிவிட்டதால் வீடு மட்டும் மாறவில்லை.

செட்டியார் பர்மாவிலிருந்து திரும்பவில்லை. அவர் தவறிய தந்தி வந்த அன்று கணக்குப்பிள்ளை ஊரில் இல்லை. எட்டாவது படித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான்தான் அதைப் படித்து ஆச்சிக்குச் சொன்னேன். அழ வேண்டிய நேரத்திலும் எனக்குள் ஒரு மூலையில், இந்த வீட்டில் இன்று இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று தோன்றியது. அதை நினைத்து இப்போதும் கூச்சப்படுகிறேன். ஆனால் தோன்றியது உண்மை. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவர் கிடையாது. அப்பா தன் பெயரை எழுதக் கற்றுக்கொண்டதே லைசென்ஸுக்காக. நான் டவுனில் ஹாஸ்டலில் தங்கி எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு வந்தபோது, தெருவில் நான் நடக்கும் நடையே மாறிவிட்டது என்று ஆத்தா சொல்லுவாள்.

வண்டி நின்ற ஐந்து வருஷமும் ஒரு வெள்ளிக்கிழமை தவறாமல் அப்பா பானெட்டைத் திறந்து, முன்னால் ஹேண்டிலைச் செருகி, என்ஜினை நாலு சுற்றுச் சுற்றுவார். "சும்மா கெடந்தா பிஸ்டன் புடிச்சுக்கிரும்" என்பார். பின்னாலேயே ஆத்தா கிண்ணத்தோடு வருவாள். என்ஜினின் பக்கவாட்டில் ஒரு குழாய் நிமிர்ந்து நிற்கும். ஆயில் ஊற்றும் குழாய் அது. அதன் உச்சியில் வட்டமாக ஒரு மூடி. ஆத்தாவின் கண்ணுக்கு அது நெற்றியாகப் பட்டிருக்க வேண்டும். அரைத்த சந்தனத்தை அதன்மேல் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். சோறு போட்ட வண்டி, மறுபடியும் போட வேண்டும். அவளுடைய வேண்டுதல் அவ்வளவுதான். பழைய சந்தனத்தை அவள் வழிப்பதில்லை. சாமிக்கு வைத்ததை வழிக்கக்கூடாது என்பது அவள் கொள்கை. வண்டி ஓடிய காலத்தில் ஆயுத பூஜைக்கு மட்டும்தான் சந்தனம் வைப்பார்கள், அதுவும் ஓடுகிற சூட்டில் தானே உதிர்ந்துபோகும்.

சண்டை முடிந்த மறுவருஷம், ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால், பழைய இரும்பு வாங்குகிறவர் ஒருவர் திருச்சியிலிருந்து வந்து லாரியைச் சுற்றிச் சுற்றித் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று மாலை ஆச்சி அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் கூடப் போனேன்.

"டிரைவரே, தை பொறந்தா மகளுக்குக் கல்யாணம். சாமான் பூராவும் பொன்னமராவதிப் பக்கம் போகணும். ஒங்க வண்டி போகுமா, இல்ல ஒங்க மச்சானோட மாட்டுவண்டிகளைச் சொல்லட்டா?"

"போகுங்க ஆச்சி."

"போகும்னு சொல்றது பெரிசில்ல. சீர் ஏத்திக்கிட்டுப் போற வண்டி நடுவழியில நின்னுச்சுன்னா அது எம் மகளுக்குல்ல சொல்லாப் போகும். மொத நாளு நம்ம வாசல்ல நிறுத்தி அரை மணி ஓட்டிக் காட்டுங்க. அடியில வெள்ளை வேட்டி விரிச்சு வைப்பேன். கறை படலைன்னா ஏத்துவோம். வண்டியும் நிக்கும், நீங்களும் பழையபடி டிரைவரா இருக்கலாம். கறை பட்டுச்சுன்னா இரும்புக்காரரு எடுத்துக்கிட்டுப் போகட்டும். எனக்கும் அதை வச்சுப் பாத்துக்கிட்டே இருக்க முடியலை."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை. அது செட்டியார் வாங்கிய வண்டி.

மறுநாளே அப்பா மில்லில் சொல்லிவிட்டு வந்துவிட்டார். கூப்பனுக்குப் பெட்ரோல் மறுபடி கிடைக்கத் தொடங்கியிருந்தது. கழற்றி வைத்த சக்கரங்களை மாட்டி, கறையான் அரித்த பலகைகளை ஆசாரியைக் கூப்பிட்டு மாற்றினார். ரேடியேட்டருக்குள் குளவி கட்டியிருந்த மண்கூடுகளைத் தண்ணீர் விட்டுக் கரைத்தார். என்ஜினைப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் சீமெண்ணெயில் கழுவி, கோணிச் சாக்கில் வரிசையாக வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார். ஒரே ஒரு சாமானுக்கு மட்டும் சாக்கில் இடமில்லை. ஆயில் மூடியை நான் சீமெண்ணெயில் முக்கப் போனபோது அப்பா கையைப் பிடித்தார்.

"அது ஒங்க ஆத்தா கை பட்டது தாயி. அதை அங்கிட்டு வாழை எலையில வையி."

மூடியை வாழை இலையில் வைத்தோம். எல்லாம் மாட்டி முடித்ததும் அப்படியே எடுத்துக் குழாயின் தலையில் பொருத்தினோம். அவ்வளவு பெரிய என்ஜினில் கழுவாமல் திரும்பிப் போனது அது ஒன்றுதான். எங்களில் யாருக்கும் அது தவறாகத் தோன்றவில்லை.

வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. அப்பா அதை மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருந்தார். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜையில் என் பாடப் புத்தகங்களோடு அதையும் அடுக்குவோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது. வேலையெல்லாம் அவர் கையாலும் காதாலும் கற்றுக்கொண்டது. இப்போது நான் கொட்டகையில் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்து அதைப் படித்துத் தமிழில் சொன்னேன். சொன்னபடி அவர் செய்தார். பத்து வருஷம் அந்த வண்டியை ஓட்டிய மனிதர், நான் வாயைத் திறக்கும்வரை ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். எனக்குத் தலை கால் புரியவில்லை.

ஒரு நாள் பக்கத்தைப் புரட்டும்போது அவர் குனிந்து ஒரு படத்தைத் தொட்டார். "இது என்னா படம் தாயி?"

அது ஒரு மூடியின் படம். கீழே நாலு வரி. அதில் இரண்டு வார்த்தைகள் எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரு வார்த்தையோ மூச்சு விடுவதைப் பற்றிச் சொன்னது. இரும்புக்கு ஏது மூச்சு? தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை.

"அது வேற மாடல் வண்டிக்கு உள்ளதுப்பா. நமக்கு வேணாம்."

"அப்பச் சரி" என்று அவரே பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

கார்த்திகை பிறந்தபோது என்ஜின் ஓடியது. முதல் தடவை அது உறுமி எழுந்தபோது ஆத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். என்ஜினை நிறுத்திவிட்டுச் சட்டியைப் பார்த்தோம். எண்ணெய்.

அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கும் என்ஜினுக்கும் நடுவே கசியாமல் வைக்கும் பேக்கிங் சரியில்லை என்றார் அப்பா. அதற்கு வேண்டிய தக்கைத் தகடு எங்கும் கிடைக்காத காலம். என் பூகோளப் புத்தகத்தின் கெட்டி அட்டையைக் கிழித்துக் கொடுத்தேன். அதைத் தொட்டியின் விளிம்பில் வைத்துச் சின்னச் சுத்தியலால் சுற்றிலும் தட்டி, விளிம்பின் அச்சாகவே வெட்டியெடுத்து, அரக்கைக் கரைத்துப் பூசி மாட்டினார். அந்த இடம் நின்றது. பின்பக்கம் ஒழுகியது. அங்கே எண்ணெயில் ஊறிய நூல்கயிற்றைத் திணித்தார். பின்பக்கம் நின்றது. வால்வு இருக்கும் பக்கத்து மூடி வழியாகக் கசிந்தது. அதற்குத் தோல் வெட்டிப் போட்டார். ஆயில் அளவு பார்க்கும் கம்பி இருக்கிறதே, அதன் துளை வழியாகவே கொப்புளித்துக்கொண்டு வந்தது.

ஆத்தாவின் அண்ணன், மாட்டுவண்டி வைத்திருக்கும் என் மாமா, தினமும் ஒரு தடவை கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்ப்பார். லாரி ஓடாவிட்டால் கல்யாணச் சாமான் அவர் வண்டிகளில்தான் போகும். ஆனாலும் வருவது அதற்காக அல்ல, அப்பாவைக் கிண்டல் செய்யாமல் அவருக்குச் சோறு இறங்காது.

"என்ன மச்சான், எம் மாடு சாணி போடுது, ஒங்க மாடு எண்ணெய் போடுது. சாணியத் தட்டி எருவாட்டியாவது ஆக்கலாம்."

"வெளக்கு எரிக்கலாம், வாங்கிட்டுப் போ" என்பார் அப்பா. முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார். மார்கழி பிறந்தபின் பதில் சொல்வதை நிறுத்திவிட்டார். அதன் பிறகு மாமாவும் வந்து வெறுமனே நின்று பார்த்துவிட்டுப் போவார். அது கிண்டலைவிட மோசமாக இருந்தது.

ஒரு நாள் மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிடப் போனேன். அப்பா வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். பக்கத்தில் ஆத்தா குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். நான் வருவதை இருவரும் பார்க்கவில்லை.

"கை போயிருச்சு புள்ள" என்றார் அப்பா. "மூட்டை தூக்கித் தூக்கி வெரல் மரத்துப்போச்சு. நட்டு இறுகுச்சா, இறுகலையான்னு முன்னெல்லாம் கையே சொல்லும். இப்பச் சொல்ல மாட்டேங்குது. புத்தகத்துல உள்ளதத்தான் பொண்ணு சரியாப் படிச்சுச் சொல்றா. செய்யத்தான் எனக்கு வரலை."

"அப்பிடிச் சொல்லாதீங்க" என்றாள் ஆத்தா.

"இரும்புக்காரனையே வரச் சொல்லிரலாம். வேட்டி விரிச்சு ஊருக்கு முன்னால அசிங்கப்பட வேணாம்."

நான் சாப்பிடக் கூப்பிடாமலே திரும்பிவிட்டேன். புத்தகத்தையும், பள்ளிக்கூடத்தில் பரிசாக வாங்கிய அகராதியையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அந்தப் படத்தை எடுத்து, தெரியாத வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடினேன். நாலு வரிக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் இருந்தது இவ்வளவுதான்: என்ஜின் ஓடும்போது உள்ளே சூடான காற்று சேரும். அது ஆயில் மூடியின் துளைகள் வழியாக வெளியேற வேண்டும். துளைகள் அடைத்துக்கொண்டால் காற்று உள்ளேயே முட்டி, கிடைத்த இடுக்கு வழியாகவெல்லாம் எண்ணெயைத் தள்ளும். ஆகவே மூடியை அவ்வப்போது மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும்.

கொட்டகைக்கு ஓடினேன். மூடியின் உச்சியில் துளை எதுவும் தெரியவில்லை. சந்தனம்தான் தெரிந்தது. ஐந்து வருஷத்து வெள்ளிக்கிழமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து, சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகியிருந்தது.

யாருக்கும் தெரியாமல் சுரண்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாமா என்று அங்கேயே நின்று யோசித்தேன். எண்ணெய் நின்றுவிடும். பொய் சொன்னது எனக்குள்ளேயே இருக்கும். ஆனால் அப்பா, தன் கை போய்விட்டது என்ற நினைப்போடேயே ஸ்டியரிங்கைப் பிடிப்பார். அவர் சாப்பிட்டுவிட்டுத் துண்டில் கை துடைத்துக்கொண்டு வரும்வரை நின்றேன்.

"அப்பா, அன்னைக்கு ஒரு படத்தக் காட்டிக் கேட்டீங்கள்ல. வேற வண்டிக்கு உள்ளதுன்னு சொன்னேன்."

"ஆமா."

"அது நம்ம வண்டிக்கு உள்ளதுதான். எனக்குப் புரியலை. புரியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு."

பிறகு கிணற்றடியில் படித்ததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மூடியைப் பார்த்தார். விரலை வைத்துத் தடவினார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் என் கை போயிருச்சுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார்.

ஆத்தா பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்து நின்றாள். அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மூடியைத் திருகிக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

"வண்டி இது வழியாத்தான் மூச்சு விடணுமாம் புள்ள."

ஆத்தா மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அஞ்சு வருஷமா நான் மூக்கைப் பொத்திப்புட்டேனா?" என்றாள். முகம் சுருங்கியது. எங்கே அழுதுவிடுவாளோ என்று இருந்தேன். அடுத்த கணம் அவளே சிரித்துவிட்டாள். "பொத்தின கையாலயே எடுத்து விடுறேன். வேற யாரும் தொட வேணாம்."

வெந்நீரில் ஊறவைத்து ஈர்க்குச்சியால் கிளறினாள். சந்தனம் ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. மேலே வெளுப்பு, அடியில் போகப் போகக் காவி. கரைந்த தண்ணீரைக் கால்படாத இடமாகப் பார்த்து முருங்கை மரத்தடியில் ஊற்றினாள். அதற்குப் பிறகே சீமெண்ணெயைத் தொட விட்டாள். துளைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது சின்னச் சல்லடை போல இருந்தது.

அப்பா மூடியைப் பொருத்தி ஹேண்டிலைச் சுற்றினார். என்ஜின் பிடித்ததும் உள்ளங்கையை மூடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வைத்தார். பிறகு ஆத்தாவின் கையைப் பிடித்து அங்கே கொண்டு வைத்தார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"சுடுதா?" என்றேன்.

"இல்லடி. பச்சப்புள்ள மூச்சு மாதிரி வெதுவெதுன்னு இருக்கு" என்றாள். மறுபடி தானாகவே கையைக் கொண்டுபோனாள்.

கால் மணி கழித்து அப்பா சட்டியை இழுத்தார். ஈர்க்குச்சி தேவைப்படவில்லை. அந்த வாரம் முழுவதும், தான் மாட்டிய பேக்கிங் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அட்டை, கயிறு, தோல், எல்லாம் உலர்ந்து கிடந்தன. அவர் வேலை ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது.

தை மாதம் கல்யாணத்துக்கு முதல் நாள், ஆச்சி சொன்னபடியே வெள்ளை வேட்டியை வாசலில் விரித்து நாலு மூலையிலும் கல் வைக்கச் சொன்னார். லாரியை அதன்மேல் கொண்டுவந்து நிறுத்தினார் அப்பா. கல்யாணத்துக்கு வந்த சனமெல்லாம் கூடிவிட்டது. மாமாவும் தன் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு வந்து நின்றார். முகப்புக் கடிகாரத்தில் அரை மணி ஆனதும் ஆச்சி கையைக் காட்டினார். என்ஜின் நின்றது. வேட்டியை இழுத்தார்கள்.

நடுவில் மிளகளவு ஒரு புள்ளி. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

ஆச்சி குனிந்து பார்த்தார். நகத்தால் அந்தப் புள்ளியைத் தொட்டார். அது வேட்டியில் ஊறவில்லை, கையோடு வந்துவிட்டது. மூக்கருகில் கொண்டுபோனார்.

"சந்தனமாவுல்ல இருக்கு?"

ஆத்தா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நான் வச்சதுங்க ஆச்சி. எல்லாத்தையும் எடுத்தேன். எங்கிட்டோ ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு."

ஆச்சி லாரியைப் பார்த்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார். விரலில் இருந்ததை மகளின் கழுத்தோரம் தொட்டு வைத்தார். தன் நெற்றிக்கு அது இனி இல்லை என்பதால்தான் மகளைக் கூப்பிட்டார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"சாமானை ஏத்துங்க டிரைவரே" என்றார்.

அண்டாக்களும் குத்துவிளக்குகளும் ஏறத் தொடங்கியபோது மாமா அப்பாவின் தோளில் கை போட்டார். "ஒத்துக்கிட்டேன் மச்சான். எம் மாடு எத்தனை பொறவி எடுத்தாலும் சந்தனம் போடாது."

"வெளக்கு எரிக்க எண்ணெய்தான் இல்லாமப் போச்சு ஒனக்கு" என்றார் அப்பா. ஒரு மாதத்துக்குப் பிறகு வந்த பதில் அது.

கிளம்புமுன் அப்பா என்னைக் கூப்பிட்டு, மஞ்சள் துணியோடு புத்தகத்தைக் கொடுத்தார். "நான் திரும்பி வர மூணு நாளாகும். அதுக்குள்ள மொதப் பக்கத்துல இருந்து படி. புரியாத எடம் வந்தா ஒரு ஈர்க்குச்சிய வச்சிரு. வந்து பாத்துக்குவோம்."

"நீங்க எப்பிடிப்பா பாப்பீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்டபின் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் முறைக்கவில்லை. "படத்தப் பாப்பேன். வண்டியில அந்த எடத்தப் பாப்பேன்" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் பொழுது சாயும் முன் லாரி திரும்பி வந்தது. அப்பா இறங்கி, கைகால் கழுவிவிட்டு, புத்தகத்தை எடுத்து வரச் சொன்னார். அதில் பதினான்கு ஈர்க்குச்சிகள் இருந்தன.